மீன்தொட்டிக்குள் ஒரு டார்பிடோ குழாய்: சேலத்துப் பள்ளி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அறிவியல் கண்காட்சிகளில் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரிகளுக்குக் குறைவே இல்லை. தெர்மகோலில் உடல், மேலே ஒரு பெரிஸ்கோப், முன்பக்கம் இரண்டு ஓட்டை. அந்த ஓட்டைகளைக் காட்டி, "இது வழியாத்தான் சார் டார்பிடோ போகும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கொஞ்சம் முனைந்தவர்கள் ஸ்பிரிங் வைத்து ஒரு பேனா மூடியைப் பறக்கவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

தண்ணீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டுதான் டார்பிடோ. அதை வெளியே தள்ளுவது இதில் சுலபமான வேலை. நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலின் உடம்பில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டுவிட்டு, உள்ளே கடல் புகாமல் அதைத் திறந்து மூடுவதுதான் பெரிய வேலை. டார்பிடோ குழாயின் அறிவு முழுவதும் அதன் இரண்டு கதவுகளிலும், அவை எந்த வரிசையில் திறக்கின்றன என்பதிலும் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டும் ஒரு மாதிரியை, சேலத்தில் கிடைக்கும் பொருட்களை வைத்தே செய்யலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளும் கூடவே ஒரு ஆசிரியரோ அப்பாவோ அம்மாவோ இருந்தால் போதும். இரண்டு மூன்று வார இறுதிகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கும் கடலுக்கும் தூரம்தான். ஆனால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), வால்வு, லேத் வேலை எல்லாம் சேலத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் ஒரு நாள் போகவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அசல் குழாயில் என்ன நடக்கிறது

கையில் ரம்பத்தை எடுப்பதற்கு முன் இந்தப் பகுதியைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாவிட்டால் மாதிரி வேலை செய்தாலும் அவர்களால் விளக்க முடியாது.

நீர்மூழ்கிகளில் பரவலாக இருக்கும் குழாய் 533 மி.மீ. அளவு, அதாவது 21 அங்குலம். நம் கடற்படையின் கல்வரி வகைக் கப்பல்களில் 6 குழாய்கள், எல்லாம் முன்பக்கம். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவில் 10 குழாய்கள், முன்னால் 6, பின்னால் 4. அது 1969-ல் பணியில் சேர்ந்து 2001-ல் ஓய்வுபெற்ற கப்பல். குடும்பத்தோடு அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் உள்ளே போய்க் குழாய்களின் உள்கதவுகளை அருகில் நின்று பாருங்கள். படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

குழாயின் பின்முனை கப்பலுக்குள், ஆட்கள் நடமாடும் டார்பிடோ அறையில் இருக்கும். முன்முனை கடலில் இருக்கும். பின்முனையில் உள்கதவு, முன்முனையில் வெளிக்கதவு. டார்பிடோவை உள்கதவு வழியாக ஏற்றி, அந்தக் கதவைப் பூட்டி, குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, அந்தத் தண்ணீரின் அழுத்தத்தை வெளிக்கடலின் அழுத்தத்தோடு சமமாக்கிய பிறகுதான் வெளிக்கதவு திறக்கும்.

ஏன் சமமாக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 533 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.223 சதுர மீட்டர். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது, அந்த ஆழத்தில் இப்படி ஒரு கதவை வைத்தால், அதன்மேல் 8 டன்னுக்கு மேல் எடை அழுத்தும். கடலில் 100 மீட்டர் ஆழத்தில் அது 23 டன்னை நெருங்கிவிடும். உள்ளே வெறும் காற்றை வைத்துக்கொண்டு அந்தக் கதவை வெளிப்பக்கம் தள்ளித் திறப்பது மனிதர் கையால் ஆகிற காரியம் இல்லை.

அழுத்தம் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது. ஏற்காட்டுப் பயணத்தை நினைவூட்டுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போவதற்குள் காது அடைக்கும். சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் உயரம் ஏறியதால் காற்றழுத்தம் குறைந்திருக்கும். அதே அளவு மாற்றம் தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர்கூட இறங்குவதற்குள் வந்துவிடும். 10 மீட்டர் இறங்கினால் முழுதாக ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். சேர்வராயன் மலையையே ஒரு ஆள் உயரத் தண்ணீர் தோற்கடித்துவிடுகிறது என்று சொன்னால் வகுப்பில் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடுமையான பதில் இருக்கிறது. 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் பிரிட்டனின் புதிய நீர்மூழ்கியான தீட்டிஸ் சோதனை ஓட்டத்தில் இருந்தது. அதன் 5-ஆம் எண் குழாயின் வெளிக்கதவு திறந்து கிடந்தது, குழாய்க்குள் கடல் நிரம்பியிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. உள்கதவைத் திறப்பதற்கு முன், குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய சோதனைத் துளை உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். உள்ளே பூசிய பெயிண்ட் அந்தத் துளையை அடைத்திருந்ததால் ஒரு சொட்டும் வரவில்லை. குழாய் காலி என்று நம்பி உள்கதவைத் திறந்தார்கள். கப்பலில் இருந்த 103 பேரில் 4 பேர் மட்டுமே தப்பினார்கள். அதன்பிறகு பிரிட்டனின் நீர்மூழ்கிகளில் உள்கதவுக்குக் கூடுதலாக ஒரு கிளிப் பொருத்தினார்கள். அது கதவை முதலில் நூலளவு மட்டுமே திறக்கவிடும். தண்ணீர் பீய்ச்சினால் அப்படியே மூடிக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் மாதிரியில் அந்தச் சோதனைத் துளையும் இருக்கப்போகிறது. அதை விட்டுவிட்டு மாதிரி செய்யாதீர்கள்.

வாங்க வேண்டியவை

8 மி.மீ. அக்ரிலிக் தகடு, 50 மி.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய் 40 செ.மீ. நீளம், 40 மி.மீ. வெளிவிட்ட பி.வி.சி. பைப் ஒரு துண்டு. ஒரு இஞ்ச் பால் வால்வு ஒன்று, அரை இஞ்ச் பால் வால்வு ஒன்று, ஒரு இஞ்ச் டேங்க் கனெக்டர், அதற்கேற்ற நெளியும் ஹோஸ் பைப், கிளாம்ப். 5 லிட்டர் பெயிண்ட் வாளி. மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய காற்றுக் குழாயும் அதற்கான சின்னப் பிளாஸ்டிக் வால்வுகள் நான்கைந்தும். பழைய சைக்கிள் டியூப், அலுமினியப் பட்டை, சிறிய கீல்கள், பட்டர்ஃப்ளை நட் போல்ட், தூண்டில் நரம்பு, ஃபோம் ஷீட், டெஃப்லான் டேப், எம்-சீல். கீல், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு இரண்டே நாளில் தண்ணீரைச் செம்மண் நிறமாக்கிவிடும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அக்ரிலிக் வேலைக்கு மட்டும் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கும், ஒட்டும் கையும் பழகியிருக்கும். அக்ரிலிக்கை ஒட்டும் திரவத்தின் ஆவி பிள்ளைகளுக்கு ஆகாது. ஒட்டுகிற வேலை கடைக்காரருடையது, அளவெடுக்கிற வேலை பிள்ளைகளுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பிள்ளைகளே வரைந்து, அவர்களே கடைக்காரரிடம் விளக்கட்டும்.

முதல் வேலை: தொட்டி

நீளம் 120 செ.மீ., அகலம் 30, உயரம் 40. ஒரு முனையிலிருந்து 35 செ.மீ. தள்ளி குறுக்கே ஒரு தடுப்பு. சிறிய பக்கம் உலர் அறை, பெரிய பக்கம் கடல். கடல் பக்கத்தில் 32 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அது 80 லிட்டருக்கு மேல், அதாவது 80 கிலோவுக்கு மேல். பள்ளி பெஞ்சு தாங்குமா என்று முதலில் பாருங்கள். பக்கத் தகடுகள் வெளியே பிதுங்காமல் இருக்க, மேல்விளிம்பில் குறுக்காக மூன்று பட்டைகள் ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் பூட்டு அமைப்பும் அந்தப் பட்டைகள் மேல்தான் உட்காரப்போகிறது.

சாதாரணக் கண்ணாடி மீன்தொட்டியில் அக்ரிலிக் தடுப்பை சிலிக்கான் வைத்து ஒட்டிச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரி அக்ரிலிக்கைப் பிடிக்காது. தடுப்பு முழு அழுத்தத்தையும் ஒரு பக்கமாகத் தாங்குவதால் அந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. முழுப் பெட்டியையும் அக்ரிலிக்கில் செய்வதே நல்லது. தொட்டியைக் கடையிலேயே நிரப்பி, ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

அடுத்தது: குழாயும் கதவுகளும்

தடுப்பில் தரையிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் நடு வரும்படி துளையிட்டு, குழாயைச் செருகி ஒட்ட வேண்டும். 12 செ.மீ. உலர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கட்டும், மீதி 28 செ.மீ. கடலுக்குள். அசல் கப்பலிலும் குழாயின் நீண்ட பகுதி கப்பலின் அழுத்தம் தாங்கும் உடலுக்கு வெளியேதான் இருக்கும். இரு முனைகளிலும் 90 மி.மீ. விட்டமுள்ள வளையத் தகடு, அதாவது ஃபிளாஞ்ச், ஒட்டுங்கள். கதவு வந்து உட்காருவது இதன்மேல்தான்.

வெளிக்கதவு 80 மி.மீ. வட்டத் தகடு. உள்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பரில் வெட்டிய கேஸ்கெட். கீல் மேல்பக்கம். கதவு கடலை நோக்கித் திறக்கும். கீழ்விளிம்பில் இரண்டு ஸ்டீல் வாஷர்களைப் பொருத்தினால் தன் எடையிலேயே மூடிக்கொள்ளும். குழாய் காலியாக இருக்கும்போது கடலே இந்தக் கதவை அழுத்தி மூடிப் பிடித்துக்கொள்ளும். நம் மாதிரியில் கதவின் நடுவுக்கு மேல் 25 செ.மீ. தண்ணீர். 50 மி.மீ. வட்டத்தின்மேல் அது ஏறத்தாழ அரைக்கிலோ எடை. தொட்டியை நிரப்பிய பிறகு பிள்ளைகள் கையை விட்டு அந்தக் கதவைத் திறக்கப் பார்க்கட்டும். அரைக்கிலோ என்று தாளில் எழுதியது விரலுக்குத் தெரியும்.

உள்கதவு 90 மி.மீ. வட்டம், கீல் கீழ்ப்பக்கம். திறந்தால் உலர் அறைப் பக்கம் கீழே சாயும். இதன் நிலைமை நேர் எதிர். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் இந்தக் கதவை வெளியே தள்ளத்தான் பார்க்கும். அதனால் உறுதியான பிடிப்பு தேவை. அசல் கப்பலில் கதவைச் சுற்றி ஒரு வளையம் திரும்பி, பற்கள் கோத்துப் பூட்டிக்கொள்ளும். நாம் ஒரு குறுக்குப்பட்டை வைக்கலாம். ஃபிளாஞ்சின் இடப்பக்கம் அச்சு, வலப்பக்கம் ஒரு கொக்கி. பட்டையைக் கிடையாக இறக்கிக் கொக்கியில் மாட்டி, நடுவில் உள்ள பட்டர்ஃப்ளை நட் போல்ட்டை முறுக்கினால் கதவு கேஸ்கெட்டின்மேல் அழுந்தும். திறக்கும்போது போல்ட்டைத் தளர்த்திப் பட்டையை நிமிர்த்தினால் அது ஃபிளாஞ்சின் இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும். இந்த நிற்கும் பட்டை நமக்கு அடுத்த வேலைக்கு வேண்டும்.

உள்கதவின் அடிப்பாகத்தில் 4 மி.மீ. துளையிட்டு ஒரு சின்ன வால்வு பொருத்துங்கள். இதுதான் சோதனைத் துளை. பக்கத்திலேயே ஒரு மெல்லிய கம்பியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வைத் திறந்ததும் கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்த பிறகே "தண்ணீர் இல்லை" என்று சொல்ல வேண்டும். தீட்டிஸ் கதையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதயப் பகுதி: ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காத பூட்டு

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தொட்டியின் மேல் பட்டைகள்மீது, முன்னும் பின்னும் நகரும்படி ஒரு நீண்ட அலுமினியப் பட்டையை வையுங்கள். அது பக்கவாட்டில் விலகாதபடி வழிகாட்டிகள் தேவை. வெளிக்கதவின் கீழ்விளிம்பில் தூண்டில் நரம்பைக் கட்டி, அதை மேலே கொண்டுவந்து, கதவுக்குப் பத்து செ.மீ. முன்னால் ஒட்டிய கொக்கி வழியாகத் திருப்பி, அலுமினியப் பட்டையின் முனையில் கட்டுங்கள். பட்டையை உங்கள் பக்கம், அதாவது உலர் அறைப் பக்கம், ஆறேழு செ.மீ. இழுத்தால் வெளிக்கதவு மேலே தூக்கித் திறக்கும். விட்டால் மூடும்.

இப்போது அதே பட்டையிலிருந்து உலர் அறைக்குள் ஒரு அக்ரிலிக் தகட்டைக் கீழே தொங்கவிடுங்கள். குறுக்குப்பட்டை செங்குத்தாக நிமிர்ந்தால் அதன் முனை எங்கே வருமோ, அந்த இடத்தில் தகட்டின் கீழ்விளிம்பு இருக்க வேண்டும். வெளிக்கதவு மூடிய நிலையில், குறுக்குப்பட்டையின் முனை நுழையும் அளவுக்கு அந்த விளிம்பில் ஒரு வெட்டு போடுங்கள்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளிக்கதவு மூடியிருந்தால் வெட்டு நேராக நிற்கும். குறுக்குப்பட்டை நிமிர்ந்து அதற்குள் போகும், உள்கதவைத் திறக்கலாம். முனை வெட்டுக்குள் இருக்கும்வரை தகடு நகராது, அதனால் வெளிக்கதவை இழுக்க முடியாது. மாறாக, வெளிக்கதவைத் திறந்துவிட்டால் தகடு பின்னால் வந்து, வெட்டு விலகிவிடும். குறுக்குப்பட்டையை நிமிர்த்தப் பார்த்தால் தகட்டின் முழு விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். கரண்ட் இல்லை, சென்சார் இல்லை. ஒரு தகடு ஒரு பட்டையின் வழியை மறிக்கிறது, அவ்வளவுதான். அசல் கப்பல்களிலும் கதவுகளுக்கு இடையே இப்படிப் பூட்டுகள் உண்டு.

கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: "உள்கதவு திறந்து தொங்கும்போதே குறுக்குப்பட்டையை மட்டும் இறக்கிவிட்டால்?" சரியான கேள்வி. அப்படிச் செய்தால் பூட்டு ஏமாந்துவிடும். ஏனென்றால் அதற்குப் பட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும், கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதற்கும் வழி உண்டு. ஃபிளாஞ்சின் ஓரத்தில் ஒரு சிறு ஸ்பிரிங் தகட்டைப் பொருத்தி, கதவு மூடும்போது மட்டும் அது அமுங்கும்படி வையுங்கள். கதவு திறந்திருந்தால் தகடு துருத்திக்கொண்டு, குறுக்குப்பட்டை இறங்கும் வழியில் நிற்கும். இந்த ஒரு சேர்க்கையைப் பிள்ளைகளே யோசித்துச் செய்யட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் காத்திருங்கள்.

தண்ணீர் வழிகள்

உலர் அறையில் இருக்கும் குழாய்ப் பகுதியில் நான்கு வழிகள் தேவை.

நிரப்பும் வழி: தடுப்பில் ஒரு சிறு துளை, அங்கிருந்து மெல்லிய காற்றுக் குழாய் ஒரு வால்வு வழியாகக் குழாயின் அடிப்பக்கம் வரும். திறந்தால் கடல் தண்ணீர் மெதுவாக உள்ளே நிரம்பும்.

காற்று போகும் வழி: குழாயின் உச்சியில் ஒரு மெல்லிய குழாய். அதைத் தடுப்பின்மேல் செங்குத்தாக ஒட்டி, தொட்டியின் உயரத்துக்கும் மேலே கொண்டுபோங்கள். கீழே ஒரு வால்வு. நிரம்பும்போது காற்று இதன் வழியாக வெளியேறும். நிரம்பிய பிறகு இதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கி, வெளியே தொட்டியில் இருக்கும் மட்டத்துக்குச் சரியாக வந்து நிற்கும். அதுதான் அழுத்தம் சமமானதற்கு அடையாளம். தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்தால் தூரத்தில் நிற்பவர்களுக்கும் தெரியும். இந்த மாதிரியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்ணுக்குத் தெரியாத அழுத்தம், ஒரு நீலக் கோடாக ஏறி நிற்கிறது.

வடிக்கும் வழி: அடியில் அரை இஞ்ச் பால் வால்வு, கீழே ஒரு தட்டு.

தள்ளும் வழி: குழாயின் மேற்பக்கம், உள்கதவிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு இஞ்ச் குழாய் ஒட்டி, ஒரு இஞ்ச் பால் வால்வு வழியாக ஹோஸ் பைப்பில் இணையுங்கள். ஹோஸின் மறுமுனை பெயிண்ட் வாளியின் அடியில் உள்ள டேங்க் கனெக்டரில். வாளியைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே உறுதியான ஸ்டாண்டில் வையுங்கள். வால்வை ஒரே வெட்டில் திருப்பினால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கி, டார்பிடோவைப் பின்னாலிருந்து தள்ளும்.

காற்றை அழுத்தித் தள்ளலாமே, சைக்கிள் பம்ப் போதுமே என்று தோன்றும். வேண்டாம். அழுத்திய காற்று அடைந்த அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் வெடித்தால் துண்டுகள் கத்தியாகப் பறக்கும். பட்டாசு மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. தண்ணீரால் தள்ளுவது பாதுகாப்பானது, கூடவே நவீன முறைக்கு நெருக்கமானதும்கூட. முந்தைய காலத்து நீர்மூழ்கிகள் அழுத்திய காற்றைக் குழாய்க்குள்ளேயே விட்டு டார்பிடோவைத் தள்ளின. அந்தக் காற்று பெரிய குமிழாகக் கடல் மட்டத்துக்கு வந்தால் கப்பல் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதற்காக டார்பிடோ வெளியேறும் கணத்தில் காற்றைத் திரும்பக் கப்பலுக்குள் இழுத்துக்கொள்ளும் தனி வால்வு வைத்தார்கள். பின்னால் வந்த பல கப்பல்களில் காற்று ஒரு பிஸ்டனையோ டர்பைனையோ இயக்கும், அது தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் டார்பிடோவைத் தள்ளும். குமிழ் இல்லை. சில குழாய்களில் தள்ளுவதே கிடையாது. டார்பிடோ தன் மோட்டாரை ஓட்டிக்கொண்டு தானே நீந்தி வெளியேறும்.

டார்பிடோ

40 மி.மீ. பி.வி.சி. பைப் 22 செ.மீ. நீளம். ஒரு முனையில் உருண்டையாகச் சீவிய மரக்கட்டை, மறுமுனையில் தட்டையான மரக்கட்டை, இரண்டையும் எம்-சீல் வைத்து அடையுங்கள். அடைப்பதற்கு முன் உள்ளே நட் போல்ட்டுகளைப் போட்டு எடையைச் சரிசெய்ய வேண்டும். மொத்த எடை 270, 280 கிராம் அளவில் வரும். வாளித் தண்ணீரில் விட்டால் மிக மெதுவாக, படுத்த நிலையிலேயே மூழ்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் எடையைப் பின்னால் நகர்த்துங்கள். எடைகள் உள்ளே உருளாமல் அடிப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். வாலில் 48 மி.மீ. ஃபோம் ஷீட் வட்டம் ஒன்று ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தள்ளும் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிப்போகும், டார்பிடோ அசையாது. குழாயின் அடியில் இரண்டு மெல்லிய அக்ரிலிக் பட்டைகளைத் தண்டவாளம் மாதிரி ஒட்டினால் அது நடுவாக உட்காரும். தள்ளும் வழிக்கு முன்னால் வால் இருக்கும்படி உள்ளே ஏற்றுங்கள்.

இயக்கும் வரிசை

மேசையில் இரண்டு பிள்ளைகள் நிற்கட்டும். ஒருவர் கட்டளை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

வெளிக்கதவு மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். சோதனைத் துளையைத் திறந்து கம்பியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் இல்லையென்றால் குறுக்குப்பட்டையை நிமிர்த்தி உள்கதவைத் திறந்து டார்பிடோவை ஏற்றுங்கள். உள்கதவை மூடி, பட்டையை இறக்கி, போல்ட்டை முறுக்குங்கள். சோதனைத் துளையையும் மூடுங்கள்.

காற்று வழியைத் திறந்து, பிறகு நிரப்பும் வழியைத் திறங்கள். ஓரிரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் மேட்டூர் அணைக் கணக்கைச் சொல்ல வேண்டும். நடுவே ஒருமுறை பார்வையாளர் ஒருவரை அழைத்து, வெளிக்கதவுப் பட்டையை லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கனமாக இருக்கும். நீலக் கோடு தொட்டி மட்டத்தில் வந்து நின்றதும் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியால் திறக்கும்.

இனி காற்று வழியையும் நிரப்பும் வழியையும் மூடுங்கள். இதை மறந்தால் தள்ளும்போது மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி நடுவர் சட்டையை நனைத்துவிடும். வெளிக்கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, பெரிய வால்வை ஒரே வீச்சில் திருப்புங்கள். டார்பிடோ வெளியேறித் தொட்டியின் நடுவில் மெல்ல இறங்கும். வால்வை மூடுங்கள். வெளிக்கதவு திறந்திருக்கும் இந்த நிலையில் குறுக்குப்பட்டையை நிமிர்த்த முயன்று காட்டுங்கள். முட்டிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்க்கட்டும்.

பிறகு வெளிக்கதவை மூடி, காற்று வழியைத் திறந்து, வடிக்கும் வழியைத் திறங்கள். தண்ணீர் தட்டில் வடியும். அதைக் கடல் பக்கம் ஊற்றிவிடலாம். கடைசியாகச் சோதனைத் துளை, கம்பி, உள்கதவு.

நடுவர்கள் கேட்கக்கூடியவை

டார்பிடோ போனதும் கப்பல் எடை குறைந்து மேலே வராதா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கனமான டார்பிடோ ஒன்று ஒன்றரை டன் இருக்கும். அது போன இடத்தில் உடனே கடல் தண்ணீர் நிரம்பி எடையை ஏறத்தாழ ஈடுகட்டுகிறது. மீதி வித்தியாசத்தைக் கப்பலுக்குள் உள்ள தொட்டிகளில் தண்ணீரை மாற்றிச் சரிசெய்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: டார்பிடோவைச் சுற்றி நிரப்பும் தண்ணீரைப் பல கப்பல்கள் தங்களுக்குள் இருக்கும் ஒரு தொட்டியிலிருந்தே எடுக்கும், அதனால் கப்பலின் மொத்த எடை மாறாது. கடலோடு அழுத்தத்தைச் சமமாக்குவது அதற்கு அடுத்த படி.

கடலின் மேல் ஓடும் போர்க்கப்பல்களில் இருக்கும் குழாய்களைப் பற்றியும் கேட்பார்கள். அவை மேல்தளத்தில் காற்றில் இருப்பதால் நாம் இவ்வளவு நேரம் பேசிய அழுத்தச் சிக்கல் அங்கே இல்லை. அழுத்திய காற்று டார்பிடோவைக் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் வீசும். இலகு டார்பிடோக்களுக்கு 324 மி.மீ. குழாய்கள், பெரும்பாலும் மூன்று ஒன்றாகக் கட்டியவை. நம் கடற்படையின் புதிய போர்க்கப்பல்களுக்கு லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் உள்நாட்டிலேயே டார்பிடோ குழாய்களைச் செய்கிறது. விசாகப்பட்டினத்தின் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் உருவாக்கிய வருணாஸ்திரா 533 மி.மீ. வகையைச் சேர்ந்தது.

பழைய வரலாறு கேட்டால், ராபர்ட் ஒயிட்ஹெட் 1866-ல் முதல் தானியங்கி டார்பிடோவைச் செய்ததிலிருந்து தொடங்கலாம். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பலிலும் டார்பிடோ குழாய்கள் இருந்தன. அடுத்த மாதமே பினாங்கில் அவற்றால் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை அது மூழ்கடித்தது. 1971 டிசம்பர் 9 அன்று நம் ஐ.என்.எஸ். குக்ரி பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோவால் மூழ்கியதையும் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லப் பழக்குங்கள்.

குழாய்க்குள்ளேயே டார்பிடோ வெடித்தால்? 2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் டார்பிடோவின் எரிபொருளை எரியவைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்ததுதான் பேரழிவின் தொடக்கம். 118 பேரும் இறந்தார்கள்.

கண்காட்சி முடிந்ததும்

தண்ணீரை இறைக்காமல் தொட்டியைத் தூக்காதீர்கள், மூலைகள் விட்டுவிடும். ஒரு ஹோஸை வைத்து வாளிகளில் வடித்து, பள்ளித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். இரண்டு கதவுகளையும் திறந்த நிலையில் காயவிடுங்கள். பூட்டு விடாது என்பதால் நரம்பை அவிழ்த்துவிட்டு, வெளிக்கதவுக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கேஸ்கெட்டுகளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் ரப்பர் ஒட்டிக்கொள்ளாது. சோதனைத் துளையைக் கம்பியால் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்து, வால்வைத் திறந்தே வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது முதலில் கேஸ்கெட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு பழைய டியூபில் பத்து கேஸ்கெட் வரும்.